ஸ்வர்ணமுகி யுனைடெட்டுக்கு ஒரு டைரக்டர் தேவை

நாகரிகமான ஒரு கால்பந்துக் கழகத்துக்கு ஸ்போர்ட்டிங் டைரக்டர் இன்றியமையாதவர் என்பதில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை. இடம் இருந்திருந்தால் ராயலசீமா தென்மண்டலக் கால்பந்துக் கூட்டமைப்பு அதைச் சுற்றறிக்கையாகவே அனுப்பியிருக்காது. ஸ்போர்ட்டிங் டைரக்டர் இல்லாத எந்தக் கழகமும் வரும் லீக்கில் ஆட அனுமதிக்கப்பட மாட்டாது என்று அதில் தெள்ளத் தெளிவாக எழுதியிருந்தது. அவர் என்ன வேலை செய்வார் என்பதை மட்டும் எழுதவில்லை.

திருப்பதி ஸ்வர்ணமுகி யுனைடெட் கழகத்திடம் அப்போது இருந்தவை பதினான்கு ஆட்டக்காரர்கள், முரளி என்று ஒரு கோச், சற்றே தெற்கில் சாய்ந்த ஒரு கோல் கம்பம், சாயாத இன்னொன்று. நான் பொருளாளர். பார்த்துக்கொள்ளப் பொருள் எதுவும் இல்லாததால் எல்லாக் கூட்டங்களுக்கும் தவறாமல் போய்விடுவேன்.

அவசரக் கூட்டம் கூடியது. தலைவர் நாகபூஷணம், பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் லாட்ஜ் வைத்திருப்பவர். ஐரோப்பிய ஆட்டங்களை டிவியில் பார்த்துப் பார்த்து அறிவு பெருத்தவர்.

"அங்க எல்லா கிளப்புக்கும் இருக்காரய்யா. டீம் தோத்தா டிவியில அவரைத்தான் காட்டறாங்க. கோட்டு போட்டுக்கிட்டு மேல உக்காந்திருக்காரு" என்றார்.

"நம்ம கிரவுண்டுல மேலன்னு ஒண்ணு இல்லியே" என்றேன்.

"அதுக்குத்தான் டைரக்டர் வேணும்ங்கறேன்."

ஆட்டக்காரர்கள் சார்பில் பரணி வந்திருந்தான். வடமாலபேட்டையில் மாந்தோப்புக் குத்தகைக்காரர் மகன். எங்கள் கழகத்தில் பந்தை நினைத்த திசையில் உதைக்கத் தெரிந்த ஒரே ஆள். ஒரு பெரிய நிறுவனம் விளையாட்டுக் கோட்டாவில் கால்பந்துக்காரர்களை வேலைக்கு எடுக்கிறது. அந்த வருஷம் லீக் ஆடியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பரணிக்கு வயது வரம்பு தாண்ட அந்த ஒரு வருஷம்தான் பாக்கி. லீக் போனால் வேலை போகும், அப்புறம் மாந்தோப்புதான்.

"சார், முரளி அண்ணனையே டைரக்டரா போட்டுடலாமே. அவரு சும்மாதான் கீறாரு" என்றான்.

செயலாளர் லக்ஷ்மிநரசிம்மன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அரசு அலுவலகத்தில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கண்ணாடியைக் கழற்றினால் விதி ஒன்று வரப்போகிறது என்று அர்த்தம்.

"கோச் வேற, டைரக்டர் வேறடாப்பா. கோச்சை வேலையிலேந்து தூக்கறதுக்குன்னு இருக்கறவர்தான் டைரக்டர். தன்னைத் தானே தூக்கிப்பானா? முறையாத் தேடணும். அகில இந்திய அளவுல தேடணும்."

தேடல் குழு அமைக்கப்பட்டது. தலைவர், செயலாளர், நான். விளம்பரம் போட்டோம். ஒரு மாதம் ஆகியும் ஈ காக்கை எட்டிப்பார்க்கவில்லை. பரணி தினமும் வந்து "ஆளு வந்தாச்சா சார்?" என்று கேட்டுவிட்டுப் போனான். அப்போதுதான் செயலாளர் விளம்பரத்தில் ஒரு வரியைச் சேர்த்தார்.

அந்த வரியைப் புரிந்துகொள்ள நீங்கள் திருப்பதியில் குடியிருக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் நம்மோடு படித்தவன், நம் கல்யாணத்துக்கும் வராதவன், திடீரென்று ஒருநாள் ஃபோன் செய்வான். சர்க்கரை எப்படி இருக்கிறது, பையன் என்ன படிக்கிறான் என்று உருகுவான். நமக்கும் கண் கலங்கும். அப்புறம் மெல்ல விஷயத்துக்கு வருவான்: "வர்ற சனிக்கிழமை ஆறு பேர் வர்றோம். தரிசனத்துக்கு நீ ஏதாவது பண்ண முடியுமா?" ஊரில் இருக்கிற ஒவ்வொருவனும் பெருமாளுக்கு அந்தரங்கக் காரியதரிசி என்று வெளியூரில் ஒரு நம்பிக்கை. லக்ஷ்மிநரசிம்மன் குடும்பத்தில் சிலர் மலையில் கைங்கரியம் செய்பவர்கள் வேறு. அவர் இந்த ஃபோன்களுக்குப் பயந்தே இரண்டு முறை நம்பரை மாற்றியவர். அந்தக் கொடுமையைத்தான் இப்போது பொது நலனுக்காகப் பயன்படுத்தினார்.

'நேர்காணலுக்கு வருவோர்க்கும் அன்னாரது குடும்பத்தார்க்கும் தங்குமிடமும் சுவாமி தரிசனத்துக்கான ஏற்பாடும் கழகத்தால் செய்து தரப்படும்.'

விண்ணப்பங்கள் வந்து குவிந்தன. ஹூப்ளியிலிருந்து, சோலாப்பூரிலிருந்து, கொல்கத்தாவிலிருந்து. இந்தியாவில் இத்தனை பேருக்குக் கால்பந்தின் மேல் இவ்வளவு பாசம் இருந்தும் நாம் ஏன் உலகக் கோப்பைக்குப் போகவில்லை என்பதே எனக்குப் பிடிபடவில்லை.

தரிசன ஏற்பாடு என்றால் என்ன என்று குழு ஆழ்ந்து விவாதித்தது. இலவச டோக்கன் கொடுக்கும் இடத்துக்கு அவர்களை அழைத்துப் போய், வரிசை எங்கே முடிகிறதோ அதன் கடைசியில் நிறுத்திவிட்டு வருவது என்று முடிவாயிற்று. மற்றதைப் பெருமாள் பார்த்துக்கொள்வார். அதற்கு ஆள் வேண்டுமே? ஆட்டக்காரர்கள் இருந்தார்கள். லெஃப்ட் விங்கருக்கு ரயில்வே ஸ்டேஷன், ரைட் விங்கருக்கு பஸ் ஸ்டாண்டு. நடுக்களத்துக்காரர்கள் குழந்தைகளுக்குப் பால் வாங்கி வந்தார்கள். கோல் கீப்பர் ரங்கனிடம் செருப்புகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. கையில் பிடிப்பதில் அவனுக்கு முன் அனுபவம் உண்டு என்பதைச் செயலாளர் சுட்டிக்காட்டினார்.

பரணிக்கு முகம் சிவந்துவிட்டது.

"சார், அவன் கோல் கீப்பரு. செருப்புக் காவலுக்கா வந்தான்? அவன் நைனா, அம்மா எல்லாம் அவனை ஆட்டம் ஆடறான்னு நெனச்சிக்கினு கீறாங்க. இன்னா சார் இது, மனுசனை மனுசனா பாக்க மாட்டீங்களா?"

"தற்காலிக ஏற்பாடுடாப்பா. டைரக்டர் வந்துட்டார்னா எல்லாம் சரியாயிடும்."

முதலில் ஒரு நடைமுறைச் சிக்கல் எழுந்தது. தரிசனம் முடித்தவர்கள் நேர்காணலுக்கு வராமல் அப்படியே ரயில் ஏறிவிட்டார்கள். எனவே நேர்காணல் முன்னால், தரிசனம் பின்னால் என்று விதி திருத்தப்பட்டது. அதன் பிறகு எல்லோரும் வந்தார்கள், ஆனால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். உதாரணத்துக்கு, காக்கிநாடா சுரேஷ்பாபு. மனைவி, மாமியார், மச்சினன் குடும்பம் சகிதமாக உள்ளே வந்து அமர்ந்தார்.

"கால்பந்தில் தங்கள் அனுபவம்?" என்றார் செயலாளர்.

"மாமியாருக்கு முட்டி வலி சார். அவங்களை மட்டும் வேன்ல அனுப்பணும்."

"கழகத்தைப் பற்றித் தங்கள் தொலைநோக்கு?"

"நாளைக்கு ராத்திரி ட்ரெயின் சார். அதுக்குள்ள இறங்கிடணும்."

"தங்கள் தத்துவம்?"

இதற்கு அவர் கொஞ்சம் யோசித்தார். "பொறுமை சார். கீழேர்ந்து படிப்படியா ஏறணும். அவசரப்பட்டா பாதியில மூச்சு வாங்கும்."

தலைவர் மேஜையைத் தட்டினார். "பாகுந்தி, ரொம்ப நல்லா இருக்கு! இதைத்தான் ஐரோப்பாவுலயும் சொல்றாங்க. சின்னப் பசங்கள்ளேர்ந்து ஆரம்பிக்கணும்னு!"

மலைக்கு ஏறும் அலிபிரிப் படிக்கட்டைச் சொல்கிறார் என்று எனக்குப் பட்டது. ஆனால் தலைவரின் உற்சாகத்தைக் கெடுக்க விரும்பவில்லை. சுரேஷ்பாபு அந்த இடத்திலேயே தேர்வு செய்யப்பட்டார். குடும்பத்தோடு கலந்து பேசிச் சொல்கிறேன் என்றார். குடும்பம் முழுக்க அந்த அறையில்தான் இருந்தது. தரிசனம் முடிந்து மொட்டைத் தலையோடு லட்டுப் பையோடு போனவர்தான், இன்றுவரை பதில் இல்லை. அவருக்குப் பின் அதே பதவிக்குப் பதினெட்டுப் பேரைத் தேர்வு செய்தோம். பதினெட்டுப் பேருமே குடும்பத்தோடு கலந்து பேசப் போனார்கள். நடுவில் வேலூரிலிருந்து என் சம்பந்தியும் நேர்காணலுக்கு வந்தார். முழுக்க முழுக்கத் தகுதி அடிப்படையில்தான் அவரை அழைத்தோம்.

பயிற்சி நின்றுபோய் மாதக்கணக்காயிற்று. மைதானத்தில் வேன்கள் நின்றன. பந்து லாட்ஜ் ஸ்டோர் ரூமில் காற்றிறங்கிக் கிடந்தது.

கூட்டமைப்பு வைத்த கெடுவுக்கு முதல் நாள் ஒரு பெண் தனியாக வந்தாள். தோளில் ஒரு பை, அவ்வளவுதான். பெயர் ஸ்ரீஜா. புத்தலப்பட்டு ஊர். பெங்களூரில் ஒரு கழகத்தில் எட்டு வருஷம் ஆட்டக்காரர்களைத் தேடிப் பிடித்துத் தரும் வேலையில் இருந்தவள். அம்மாவுக்கு உடம்பு முடியாததால் ஊரோடு வந்துவிட்டவள்.

"எத்தனை பேர் வந்திருக்கேள்?" என்றார் செயலாளர்.

"நான் மட்டும்தான் சார். பசங்க ஆடறதைப் பாக்கணும். பந்து எங்க இருக்கு?"

"தரிசனம் இன்னிக்கா, நாளைக்கா?"

"அதெல்லாம் வேணாம் சார். பக்கத்து ஊருதானே, எப்ப வேணும்னாலும் போய்க்கலாம். ஆட்டத்தைப் பாக்கத்தான் வந்தேன்."

அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் குழு ஆலோசித்தது.

"திருப்பதிக்கு வந்துட்டுப் பெருமாளைச் சேவிக்காமப் போறேங்கறா. ஏதோ வில்லங்கம் இருக்கு" என்றார் செயலாளர்.

"பந்து எங்கன்னு கேட்டாளே, கவனிச்சீங்களா? நம்ம சொத்து விவரம் இவளுக்கு எதுக்கு?" என்றார் தலைவர்.

"மேலும், புத்தலப்பட்டுல கிடைக்கற ஆளைப் போட்டா, அகில இந்தியத் தேடல்னு எதுக்குப் பண்ணினோம்னு நாளைக்கு ஆடிட்ல கேப்பா" என்றார் செயலாளர்.

அவளையே போட்டுவிடலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். இருந்தாலும் என் சம்பந்தி ஞாபகம் வந்தது, வாயை மூடிக்கொண்டேன். ஸ்ரீஜாவின் விண்ணப்பம் ஏகமனதாக நிராகரிக்கப்பட்டது.

அவள் நேரே சித்தூருக்கு பஸ் ஏறினாள். சித்தூர் கழகத்துக்கும் டைரக்டர் தேவைப்பட்டது. அங்கே விண்ணப்பித்தவள் அவள் ஒருத்திதான். பக்கத்திலிருக்கும் காணிப்பாக்கத்துப் பிள்ளையாரைப் பார்க்க யாரும் கால்பந்துக் கழகத்தை நாடுவதில்லை. ஐந்து நிமிடத்தில் அவளை எடுத்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலையில் பரணி செயலாளர் வீட்டு வாசலில் நின்றான். நானும் காப்பிக்குப் போயிருந்தேன்.

"சார், நான் சித்தூருக்கு ஆடப் போறேன். கிளப்பை விட்டு அனுப்பறதா ஒரு கையெழுத்து போடுங்க."

"முடியாதேடாப்பா. புது விதிப்படி ஆட்டக்காரனை விடுவிக்கற அதிகாரம் ஸ்போர்ட்டிங் டைரக்டருக்குத்தான். நமக்கு டைரக்டரே இல்லியே."

"இந்த வருசத்துக்கு என்னை கிளப்புல சேக்கறது யாரு சார்?"

"அதுவும் டைரக்டர்தான்."

"அவருதான் இல்லியே. அப்போ நான் இந்த வருசம் உங்க கிளப்புலயே சேரல. சேராதவனை எப்படி சார் விடுவிப்பீங்க? நான் போய்க்கினே இருக்கலாம்ல?"

செயலாளர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டார். நாற்பது வருஷ சர்வீஸில் அவரை ஒருவர் விதியாலேயே அடித்தது அதுதான் முதல் தடவை. "விதி அப்படித்தான் சொல்றது" என்றார் கம்மிய குரலில். பரணி அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு ஓட்டமாக ஓடினான்.

அன்று மாலை கூட்டமைப்பின் ஆய்வு அதிகாரி தனசேகர் வந்தார். டைரக்டர் இல்லாத கழகத்தைப் பட்டியலிலிருந்து நீக்குவதற்காகக் குடும்பத்தோடு வந்தார். இரண்டு நாள் தங்கினார். ரங்கன் அவர் குடும்பத்துச் செருப்புகளை ஒரு ஜோடி குறையாமல் ஒப்படைத்தான். 'தேடல் முழுமூச்சுடன் நடைபெற்றுவருவதை நேரில் கண்டறிந்ததால், தேடல் முடியும்வரை இக்கழகத்துக்கு விலக்கு அளிக்கலாம்' என்று அவர் அறிக்கை கொடுத்தார். தேடல் முடிந்தால்தான் சிக்கல் என்பது அப்போதே எங்களுக்குப் புரிந்துவிட்டது.

லீக்கின் முதல் ஆட்டம் சித்தூரோடு, எங்கள் மைதானத்தில். எங்கள் பையன்கள் மாதக்கணக்கில் பக்தர்களுக்கு வழிவிட்டுப் பழகியவர்கள். பந்தோடு யாராவது வந்தால் தங்களையறியாமல் ஒதுங்கி, இப்படிப் போங்க என்று கை காட்டினார்கள். பரணி அந்த வழியாகவே போய் நான்கு கோல் போட்டான். மொத்தம் ஏழு. சாய்ந்த கம்பம் அன்றைக்கு முழுசாக விழுந்துவிட்டது.

"பாத்தீங்களா? ஒரு நல்ல ஸ்போர்ட்டிங் டைரக்டர் இருந்திருந்தா பரணியை விட்டிருப்பாரா?" என்றார் தலைவர். அதில் உண்மை இருந்ததால் தேடல் குழுவை நிரந்தரக் குழுவாக்கினோம்.

பரணிக்கு வேலை கிடைத்தது. கழகம் சார்பில் ஃப்ளெக்ஸ் வைத்தோம். அதில் எங்கள் மூவர் படமும் பெரிதாக, அவன் படம் ஓரமாக. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு மனசு நிறைந்துபோயிற்று. இத்தனை கூத்திலும் ஒரு பையன் தன் காலை மட்டும் நம்பிக் கரையேறிவிட்டானே என்று.

போன வாரம் குழுக் கூட்டத்தின் நடுவில் செயலாளருக்கு ஃபோன் வந்தது. பரணி. அவர் எல்லோருக்கும் கேட்கும்படி மேஜைமேல் வைத்தார்.

"சார், நல்லா கீறீங்களா? சுகர் எப்பிடி கீது? பேரப்பசங்க எல்லாம் நல்லா கீறாங்களா?"

செயலாளரின் முகத்தில் நாற்பது வருஷத்துப் பயம் மெல்லப் படர்ந்தது. "நன்னா இருக்கோம். என்ன விஷயம்?"

"ஒண்ணுமில்ல சார். எங்க பெரிய சாரு வர்ற சனிக்கெழம குடும்பத்தோட வர்றாரு. எட்டு பேரு. அவரை டைரக்டர் இன்டர்வியூக்குக் கூப்பிட்டீங்கன்னா..."

"அவருக்கு ஃபுட்பால் தெரியுமோ?"

"தெரியாது சார். ஆனா என்னைப் பர்மனென்ட் பண்றது அவரு கையிலதான் கீது."

செயலாளர் எங்களைப் பார்த்தார். தலைவர் தலையசைத்தார், நானும் அசைத்தேன். பெரிய சாரின் பெயர் தகுதியுள்ளோர் வரிசையில் ஏறியது.

"ரொம்ப தேங்க்ஸ் சார்" என்றான் பரணி. வைக்கப் போனவன் ஞாபகம் வந்தவனாய்ச் சொன்னான். "அப்புறம் சார், அவரு செருப்பு புதுசு. வெல ஜாஸ்தி. வேற யாரையும் போட்டுடாதீங்க, ரங்கனையே போடுங்க."