இறங்காத விமானம்

"மாப்பிள்ளை, என் பையன் எங்கே வந்துகிட்டிருக்கான்?"

ஆஸ்பத்திரிக் கட்டிலில் மாமியார் கண் திறந்து கேட்ட முதல் கேள்வி. மருமகனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அவர் பார்சல் லாரி ஆபீஸில் புக்கிங் கிளார்க். சரக்கு குடோனிலேயே கிடந்தாலும், "கிளம்பிடுச்சு, வந்துகிட்டே இருக்கு" என்று சொல்லிச் சொல்லியே காலத்தை ஓட்டியவர். வாய் தானாகத் திறந்துகொண்டது.

"மச்சான் பிளேன் ஏறிட்டாரு அத்தை. வந்துகிட்டே இருக்காரு."

கடல் கடந்த ஊரிலிருந்து மச்சான் காலையில்தான் போனில், "எனக்கு லீவு கிடைக்காது. எல்லாம் முடிஞ்சதும் சொல்லுங்க" என்றிருந்தார். டாக்டரோ இன்றைக்குத் தாண்டாது என்று கைவிரித்துவிட்டார். போகிற உயிர் ஒரு பொய்யோடு நிம்மதியாகப் போகட்டுமே என்று மருமகன் நினைத்தார்.

போகவில்லை. மறுநாள் மாமியார் பால் கேட்டு வாங்கிக் குடித்தார்.

"பதினாலு மணி நேரம்தானே மாப்பிள்ளை? அவன் முதல் தடவை போனப்ப கடிகாரத்தையே பார்த்துகிட்டு உட்கார்ந்திருந்தேனே. இன்னுமா வரலை?"

"நடுவுல ஒரு ஊர்ல நிறுத்தி சரக்கு ஏத்தறாங்க அத்தை."

மனைவி அவரை வராந்தாவுக்கு இழுத்து வந்தாள். "ஏன் இப்படி உளறுறீங்க? பிளேனை இறக்கித் தொலைங்க!"

"எப்படிடி இறக்கறது? உங்கண்ணன் உள்ளே இல்லையே!"

சாயங்காலம் மறுபடியும் கேள்வி வந்தது.

"டயர் பஞ்சர் அத்தை."

"ஆகாயத்துலயா?"

"இறங்கறப்ப."

"அப்ப இறங்கிடுச்சா?"

"இல்ல... பஞ்சர்னு தெரிஞ்சதும் திரும்ப மேலே ஏத்திட்டாங்க."

மாமியார் கண்ணை மூடிக்கொண்டார். போர்வை லேசாகக் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து மருமகன் போர்வையை இழுத்துவிட்டார்.

மூன்றாம் நாள் மச்சானைத் தப்பான ஊரில் இறக்கிவிட்டார்கள். லேபிள் மாறிவிட்டதாம்.

அன்று மத்தியானம் மாமியாருக்கு மூச்சு வாங்கியது. மருமகன் ஓடிப்போய் மச்சானுக்குப் போன் போட்டார். "ஒரே ஒரு வார்த்தை பேசுங்க மச்சான், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்." மீட்டிங்கில் இருப்பதாகச் சொல்லி அந்தப் புண்ணியவான் வைத்துவிட்டார்.

மருமகன் திரும்பி வந்து மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நம்ம ஊர்லயே இறங்கிடுச்சு அத்தை. டாக்சி பிடிச்சு வந்துகிட்டே இருக்காரு."

"அப்பாடா!" என்று மாமியார் சிரித்தார். "சரி, நீங்க போய் ஒரு வாய் சாப்பிடுங்க. மூணு நாளா பட்டினி கிடக்கறீங்க."

சாப்பிட்டுத் திரும்பியபோது அந்த முகத்தை மூடியிருந்தார்கள். மனைவி சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள். மருமகன் தலையில் அடித்துக்கொண்டார். "சாகற மனுஷிகிட்ட கடைசி வரைக்கும் பொய் சொல்லி ஏமாத்திட்டேனே, பாவி!"

மூன்று நாளும் கூடவே இருந்த வார்டு ஆயா, பால் தம்ளரை எடுத்துக்கொண்டே சொன்னாள்: "யாரு சார் ஏமாந்தது? புள்ள வரமாட்டான்னு அவங்களுக்கு முதல் நாளே தெரியும். 'இந்த மனுஷன் அந்தப் பிளேனை எப்படித்தான் இறக்கறார்னு பார்க்காம போகமாட்டேன்'னு சொல்லித்தான் உசிரைப் பிடிச்சுகிட்டிருந்தாங்க."