ஒட்டுப் பஞ்சு வைத்தியம்

“அண்ணி, இதென்ன நடுவுல வரப்பு மாதிரி ஓடுது?”

பஞ்சுப் போர்வையின் மேல் நாத்தனாரின் கை ஊர்ந்துகொண்டிருந்தது. தையல்காரி அவசரமாகப் போர்வையை மடிக்கப் பார்த்தாள். நாத்தனார் தன் மாமனாருக்காகத் தைக்கச் சொன்ன போர்வை அது. உள்ளே வைக்கும் பஞ்சு ஷீட் புதிதாக, ஒரே துண்டாக இருக்க வேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். தலையை நன்றாக ஆட்டிவிட்டு, கட்டிலடி மூட்டையில் கிடந்த மிச்சத் துண்டுகளை ஒட்டுப்போட்டு உள்ளே தள்ளிவிட்டாள் தையல்காரி.

விளிம்போடு விளிம்பை முட்டவைத்துத் தைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அவசரத்தில் ஒன்றின் மேல் ஒன்றை ஏற்றித் தைத்துத் தொலைத்தாள். ஒட்டுகளெல்லாம் தடித்துக்கொண்டு நின்றன.

தையல்காரி சட்டென்று ஒரு போடு போட்டாள்.

“அது வேணும்னேதான் வச்சேன். விரிச்சு மேல படுத்தா முதுகைப் பிடிச்சுவிட்ட மாதிரி இருக்கும்.”

“எங்க மாமாவோட முதுகுவலிய ஞாபகம் வச்சிருக்கீங்களே அண்ணி!” நாத்தனாருக்குக் கண் கலங்கிவிட்டது.

தையல்காரிக்கு அந்த முதுகுவலி அதுவரை ஞாபகத்திலேயே இல்லை. கூசிப்போனாள்.

அடுத்த வாரமே நாத்தனார் அக்கம்பக்கத்துப் பெண்களோடு வந்து நின்றாள்.

“கட்டில்லயே கிடந்த மாமா எழுந்து நடக்குறாரு அண்ணி! டாக்டரே வாயடைச்சுப் போயிட்டாரு. இவங்களுக்கும் அதே போர்வை வேணுமாம். வரப்போட!”

மாட்டேன் என்றால் குட்டு உடையும். சரி என்றாள். ஆனால் மூட்டை காலி. புது ஷீட் வாங்கி, நன்றாக இருந்ததைக் கண்டதுண்டமாக வெட்டி, மறுபடியும் ஏற்றித் தைக்க உட்கார்ந்தாள். கணவர் எட்டிப் பார்த்தார்.

“முழுசா இருக்கிறத எதுக்கு வெட்டுற?”

“ஒட்டுறதுக்கு.”

“எதுக்கு ஒட்டணும்?”

“முழுசா இருக்கக் கூடாதுல்ல, அதுக்கு!”

அவர் வந்த வழியே போய்விட்டார்.

போர்வைகள் போய்ச் சேர்ந்த பிறகு, வாங்கிப்போனவர்களில் இடுப்பு வளைந்த டீச்சரம்மா ஒருவர் வாசலில் நின்று கைகூப்பினார்.

“உன்னை நம்பித்தாம்மா மாத்திரைய எல்லாம் நிறுத்திட்டேன்.”

தையல்காரி வாசலுக்கு ஓடினாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “அது வெறும் போர்வைங்க. மொதல்ல போய் மாத்திரையப் போடுங்க” என்று கெஞ்சி அனுப்பினாள். ஒரு மூட்டை மிச்சப் பஞ்சுக்காக மானத்தை விற்றுவிட்டோமே என்று அழுகை முட்டியது. முகத்தைக் கழுவிக்கொண்டு நேராக நாத்தனார் வீட்டுக்கு நடந்தாள். காறித் துப்பினாலும் சரி, எல்லாவற்றையும் சொல்லிவிடுவது.

முன்னறையில் நாத்தனாரின் மாமனார் மட்டும் இருந்தார். வெளியே கிளம்புகிற உற்சாகத்தில் குனிந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். அந்த முதுகைப் பார்த்ததும் அவளுக்கு இன்னும் வெட்கமாகிவிட்டது.

“மாமா, என்னை மன்னிச்சிருங்க. அந்தப் போர்வையில வைத்தியமும் இல்ல, ஒண்ணும் இல்ல. மிச்சத் துண்டுகள ஒட்டிக் கொடுத்துட்டு, மாட்டிக்கிட்டதும் வாய்க்கு வந்தத அளந்துட்டேன். உங்க மருமக கிட்டயும் சொல்லத்தான் வந்தேன்.”

கிழவர் முகம் வெளுத்தது. சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவசரமாக அவளை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்.

“குடியக் கெடுத்துராதம்மா! மருமக பீரோவ நகர்த்தச் சொன்னப்ப தப்பிக்க ஒரு தடவ முதுகுவலின்னு சொல்லித் தொலைச்சேன். அன்னியிலேருந்து கட்டிலை விட்டு எறங்க விடல. இல்லாத வலி போகணும்னா, உன் போர்வைய விட்டா எனக்கு வேற மருந்து ஏது?”