பூலோகத்தின் பூட்டு

“இன்னையிலருந்து இந்த வீட்டுல என் உத்தரவு இல்லாம ஒரு போனும் தொறக்கப்பிடாது!”

இந்தச் சட்டத்தைப் பூலோகம் போட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கையில் நெத்திலிக் குழம்புச் சோறு உருண்டையாக நின்றது. சட்டம் போட்ட வேகத்தில் உருண்டை நழுவித் தட்டிலேயே விழுந்தது.

“சோறு ஆறிப்போவும். சட்டம் ஆறாது. மொதல்ல தின்னுங்க,” என்றாள் செண்பகவல்லி.

பேர்தான் பூலோகம். அவர் ஆளுகிற பூலோகம் தாராவியில் ஓர் இரும்பு ஏணிக்கு மேலே ஒற்றை அறையாக இருக்கிறது. குடிமக்கள் இரண்டே பேர். ஒருத்தி பெண்டாட்டி செண்பகவல்லி. ரெடிமேட் சட்டைகளில் தொங்குகிற நூலைக் கத்தரிக்கிற வேலையை வீட்டில் இருந்தபடியே செய்கிறவள். இன்னொருத்தி மகள் இசக்கிசெல்வி, ஏழாவது படிக்கிறாள். வீட்டில் செல்வி, பள்ளிக்கூடத்தில் இஷா. தகரச் சுவருக்கு அந்தப் பக்கம் லூசியம்மாள் குடியிருக்கிறாள். இங்கே குழம்பில் உப்புப் போட்டால் அங்கே சத்தம் கேட்கும், அப்படிப்பட்ட தகரம்.

பூலோகத்துக்குத் தோல் பை செய்கிற கார்கானாவில் வேலை. வெட்டி வைத்த துண்டுகளை எண்ணிக் கொடுப்பார். எண்ணும்போது வாய்விட்டு, இந்தியில் எண்ண வேண்டும். அப்போதுதான் எதிரே கட்டுக் கட்டுகிறவனுக்கும் கணக்கு நிற்கும். இத்தனை வருஷத்தில் அது ரத்தத்தில் ஏறிப்போயிற்று. வீட்டில் இட்லியைக்கூட ‘ஏக், தோ’ என்று சொல்லித்தான் வாயில் போடுவார். அஞ்சாவதுக்கு ‘பாஞ்ச்’ என்று கேட்டதும் செண்பகவல்லி சட்டியை மூடிவிடுவாள்.

சட்டத்துக்குக் காரணம் பெரிய குற்றம் ஒன்றும் இல்லை. செல்வி மூலையில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவருடைய பழைய போன்தான். பள்ளிக்கூடத்துப் பாடமெல்லாம் அதில் வருகிறது. ‘என்னம்மா பாக்க?’ என்று கிட்டே போய்க் குனிந்தார். அவள் சட்டென்று போனைக் கவிழ்த்து வைத்தாள்.

“குச் நஹீ, பப்பா. ஒண்ணுமில்ல.”

அவ்வளவுதான். ஆனால் கவிழ்ந்த போன் பூலோகத்தின் நெஞ்சுக்குழியில் வந்து உட்கார்ந்துகொண்டது. அவர் தோளில் ஏறி, இரண்டு காதையும் ஹேண்டில்பார் மாதிரிப் பிடித்துக்கொண்டு சந்து சந்தாகச் சவாரி போன பிள்ளை. இப்போது அப்பனைக் கண்டால் போன் கவிழ்கிறது.

“உள்ள என்னென்ன கண்றாவி இருக்கோ! போனுக்குப் பூட்டு போடப்போறேன். நம்பர் அடிச்சாத்தான் தொறக்கும். நம்பரு என்கிட்டதான் இருக்கும்.”

“போடுங்க,” என்றாள் செண்பகவல்லி.

“என்னது, போடுங்கவா?”

“நல்ல காரியந்தான. எனக்குக்கூட அந்த நம்பரு வேண்டாம். நான் எளகின மனசுக்காரி, பிள்ள கெஞ்சுனாச் சொல்லிப்புடுவேன். ஒங்ககிட்டயே இருக்கட்டும்.”

தாலி கட்டின நாளிலிருந்து செண்பகவல்லி ஒரே பேச்சில் ஒத்துக்கொண்ட முதல் விஷயம் இதுதான். அங்கேயே மனுஷன் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை. மீசையைத் தடவிக்கொண்டார்.

தொண்ணூறடி ரோட்டில் மொபைல் கடை வைத்திருக்கிற மெஹராஜ் பாய் அந்தப் பூட்டை போனில் இறக்கிக் கொடுத்தார்.

“பிள்ளைக்கு ஆகாததையெல்லாம் இது வடிகட்டிரும், அண்ணாச்சி. பாடம் எப்பவும் போல வரும். வீடியோ, கேம் எல்லாம் நீங்க நம்பர் போட்டாத்தான். அதுவும் அரை மணி நேரம். அப்புறம் தானாப் பூட்டிக்கும்.”

“பொண்டாட்டி வாய்க்கு இந்த மாதிரி எதும் இருக்கா, பாய்?”

“இருந்தா நான் எதுக்கு இவ்வளவு நேரம் கடையைத் தொறந்து வச்சிருக்கேன்? ஒண்ணு மட்டும் ஞாபகம் வைங்க. வாரா வாரம் நம்பர மாத்தணும். இப்ப உள்ள பிள்ளைங்க வெவரம்.”

வீட்டுக்கு வந்த பூலோகம் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார். துண்டை முக்காடாகப் போட்டுக்கொண்டார். யாருக்கும் தோன்றாத நாலு எண்ணாக யோசித்து, ஒவ்வொன்றாகத் தட்டினார். அந்த நேரம் பார்த்து, தகரத்துக்கு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த லூசியம்மாள் வீட்டு மிக்ஸி டக்கென்று நின்றது. பூலோகம் அதையெல்லாம் கவனிக்கிற நிலையில் இல்லை. ராஜாங்க வேலை பாருங்கள்.

மறுநாள் வேலை முடிந்து வழக்கம்போலக் கேரம் கிளப்பில் போய் உட்கார்ந்தார். கிளப் என்றால் ஒரு மாடிப்படிக்குக் கீழே ஒரு பலகை, ஒரு பல்பு, நாலு ஆள். அங்கே உட்கார்ந்துவிட்டால் அவருக்கு வீடு ஞாபகம் வருவது பல்பை அணைக்கும்போதுதான். அன்றைக்கு ஏணி ஏறி வந்தபோது செல்வி தூங்கிவிட்டாள். ஏணிப் பக்கமாக முகத்தை வைத்துப் படுத்திருந்தாள்.

“ஏழு மணியிலருந்து ஏணியவே பாத்துக்கிட்டுக் கெடந்தா,” என்றாள் செண்பகவல்லி. “பப்பா வந்து தொறப்பாரு, வந்து தொறப்பாருன்னு. நான் என்னத்தச் செய்ய? நம்பரு ஒங்ககிட்டல்லா இருக்கு.”

பூலோகம் அன்றைக்கு இட்லியை எண்ணாமலே தின்றார்.

அதற்கு அடுத்த நாள், சிவப்புக் காயைக் குழியில் போட்டுவிட்டு, அதை உறுதிசெய்கிற கவர் காயைப் போடாமலே ஒரு மனுஷன் எழுந்து போவதை அந்தக் கேரம் கிளப் முதல்முதலாகப் பார்த்தது. ஏழு அடிக்கும் முன்னே ஏணியில் செருப்புச் சத்தம் கேட்டது.

“பப்பா, ப்ளீஸ். அரை மணி நேரம்.”

“சும்மா தொறக்க முடியுமா? இன்னைக்கு ஸ்கூல்ல என்ன நடந்துச்சு, சொல்லு.”

“ஒண்ணும் நடக்கல.”

“அப்ப போனும் தொறக்காது.”

அவள் பெருமூச்சு விட்டாள். பிறகு ஆரம்பித்தாள். “மராத்தி டீச்சர் கொட்டாவி விட்டாங்க. அதைப் பாத்து ஃபர்ஸ்ட் பெஞ்ச். அப்புறம் செகண்ட் பெஞ்ச். கடைசியில நோட்டீஸ் கொண்டுவந்த ப்யூன் அங்கிள் வாசல்லயே நின்னு பெருசா விட்டாரு, பப்பா!”

பூலோகம் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்ததும் அவருக்கும் ஒரு கொட்டாவி வந்தது. செல்விக்கும் வந்தது. அடுப்படியில் செண்பகவல்லி கையால் வாயை மூடிக்கொண்டாள். கொட்டாவிக்கா சிரிப்புக்கா என்று தெரியவில்லை.

தினமும் இப்படியே ஆகிப்போயிற்று. முதலில் ஒரு கதை, அப்புறம் முக்காடு, அப்புறம் நம்பர், அப்புறம் அரை மணி நேரம். அந்த அரை மணி நேரமும் அவர் பக்கத்திலேயே இருப்பார். ஒருநாள் எந்த நாட்டிலோ ஒருத்தன் தோல் பை தைக்கிற வீடியோவைக் காட்டினாள்.

“பப்பா, ஒங்கள மாதிரியே!”

“யாரு, இவனா? கத்தியைப் பிடிச்சிருக்கதப் பாரு, வெண்டைக்கா நறுக்குத மாதிரி. எங்க கார்கானாவா இருந்தா மத்தியானமே கணக்கை முடிச்சு அனுப்பிருப்பாங்க.”

அவள் சிரித்துக்கொண்டே அவர் தோளில் சாய்ந்தாள். வீடியோ முடிந்தும் அவர் அந்தத் தோளை அசைக்கவில்லை. மரத்துப்போனது, போகட்டும்.

இன்னொரு நாள் பூட்டைத் திறந்து கொடுத்தும் அவள் ஒன்றும் பார்க்கவில்லை. போனை மலர்த்தி அவர் மடியில் வைத்தாள்.

“எங்க கிளாஸ் குரூப். படிக்கட்டுமா? ‘இஷா உள்ள வந்தா சம்டா வாசன வருது.’ கீழ எல்லாரும் சிரிக்கிற பொம்ம போட்டிருக்காங்க.”

சம்டா என்றால் தோல். கார்கானா ஆளுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

“அன்னைக்கு நீங்க வந்தப்ப இதத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். நீங்க பாத்தா ஒரு மாதிரி ஆயிருவீங்கன்னு கவுத்துட்டேன்.”

மெஹராஜ் பாய் போட்ட வடிகட்டியில் இது மாட்டவில்லை. எப்படி மாட்டும்? அதில் கெட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லையே.

“நான் வந்து ஒங்க டீச்சர்ட்டப் பேசட்டுமா?”

“வேண்டாம். நானே பதில் போட்டுட்டேன்.”

“என்னன்னு?”

“‘ஒங்க பப்பா பெல்ட்டும் பர்ஸும் எங்க பப்பா கை பட்டு வந்ததுதான், மோந்து பாருங்க’ன்னு.”

பூலோகம் மறுநாள் கார்கானாக் குழாயடியில் சோப்பைக் கரைத்துக் குளித்து, கழுத்து முழுக்கப் பவுடரைக் கொட்டிக்கொண்டு வந்து மகள் பக்கத்தில் உட்கார்ந்தார். செல்வி தும்மினாள். தகரத்துக்கு அந்தப் பக்கம் லூசியம்மாளும் தும்மினாள்.

“பவுடர் வேண்டாம், பப்பா. பழைய வாசனையே பரவால்ல.”

பூலோகத்தின் நடை மாறிவிட்டது. கார்கானாவில் பார்க்கிறவர்களிடமெல்லாம், “பிள்ளை வளக்க ஒரு பூட்டு போதும்டே,” என்று அறிவுரை சொல்ல ஆரம்பித்தார். வாரா வாரம் முக்காடு போட்டு நம்பரை மாற்றினார்.

அப்புறம் ஒருநாள் கார்கானாவில் கரண்ட் போயிற்று. மத்தியானமே வீட்டுக்கு வந்தார். ஏணியில் பாதி ஏறும்போதே மேலே ஒரு பொம்பளை ஓவென்று அழுகிற சத்தம். பதறிப்போய் ஏறினார். அழுதது சீரியலில். உப்பு ஜாடியில் சாய்த்து வைத்த செல்வியின் போனில் சீரியல் ஜாம்ஜாமென்று ஓடிக்கொண்டிருந்தது. அதன் முன்னே மடி நிறையச் சட்டையும் கையில் கத்தரியுமாகச் செண்பகவல்லி, பக்கத்தில் லூசியம்மாள்.

“ஏளா! இது எப்படித் தொறந்துச்சு?”

லூசியம்மாள் எழுந்தாள். “அடுப்புல பால வச்சிட்டு வந்தேன், அண்ணாச்சி.”

“மத்தியானத்துல என்ன பாலு?”

“பால் இல்லன்னா தயிரா இருக்கும்,” என்று போயே போய்விட்டாள்.

செண்பகவல்லி கத்தரியை நிறுத்தவில்லை. “கத்தாதிய. கை தவறிப் பட்டுட்டு. தொறந்துட்டு.”

“நாலு நம்பர்லயும் வரிசையாத் தவறிப் பட்டுச்சோ?”

“சரி. தெரியும்.”

“எப்பயிலருந்து?”

“மொத நாள்லருந்து.”

“வாரா வாரம் மாத்துனேனே!”

“வாரா வாரம் தெரியும்.”

“பிள்ளைக்கு?”

“அவ எனக்கு முன்னயே கண்டுபிடிச்சிட்டா.”

பூலோகம் சட்டைக் குவியல் மேலேயே உட்கார்ந்துவிட்டார். கோபம் வரும் என்று காத்திருந்தார், வரவில்லை. குரல் மட்டும் இறங்கிப்போயிற்று.

“அப்ப தெனமும் பப்பா பப்பான்னு வந்து நின்னதெல்லாம் நடிப்பா?”

இப்போதுதான் செண்பகவல்லி கத்தரியைக் கீழே வைத்தாள்.

“மொத வாரம் நான்தான் கேக்கச் சொன்னேன். நம்பரு தெரிஞ்சாலும் பப்பா கையாலதான் தொறக்கணும்னேன். அந்தக் கேரம் பலகையிலருந்து ஒங்கள எழுப்ப நான் அழுதும் நடக்கல, எங்க அண்ணன் வந்து பஞ்சாயத்து பண்ணியும் நடக்கல. இந்தப் பூட்டு எழுப்பிட்டு. போன்லதான் தொங்குச்சு, பூட்டுனது ஒங்களையல்லா?”

“மொத வாரம் நீ சொன்ன. அப்பறம்?”

“அப்பறம் நான் சொல்லவே இல்ல,” என்றாள். மறுபடியும் நூலைக் கத்தரிக்க ஆரம்பித்தாள். இல்லாத நூலை.

சாயங்காலம் செல்வி வந்து நின்றாள். “பப்பா, அரை மணி நேரம்.”

“ஒனக்குத்தான் நம்பர் தெரியுமே.”

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா அடுப்பைப் பார்த்தாள்.

“ஸாரி, பப்பா.”

“தெரிஞ்சும் ஏம்மா கேக்க?”

கால் கட்டைவிரலால் தரையைக் கொஞ்ச நேரம் தேய்த்தாள். “நானே தொறந்தா நீங்க கத கேக்க மாட்டீங்கல்ல?”

சொல்லிவிட்டுப் போனை மலர்த்தித் தரையில் வைத்தாள். அவர் உட்காருவதற்கு இடம் விட்டு நகர்ந்துகொண்டாள்.

பூலோகம் அந்த இடத்தில் போய் உட்கார்ந்தார். ஆனாலும் ஆண்டவனாயிற்றே, மானம் ஒன்று இருக்கிறதல்லவா.

“அது சரி. நம்பர யாரு சொன்னா? மெஹராஜ் பாயா?”

“நீங்கதான்,” என்றாள் செண்பகவல்லி.

“நானா!”

அவள் முந்தானையை முக்காடாகப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பினாள். ஒரு விரலை நீட்டினாள். “ஏக்... பாஞ்ச்... தோ... நௌ...” கார்கானாவில் தோல் எண்ணுகிற அதே ராகம். செல்வி சிரிப்பு தாங்காமல் சட்டைக் குவியலில் உருண்டாள்.

பூலோகம் எழுந்தார். துண்டை உதறினார். “இன்னைக்குப் பாருங்க. இனி எவளுக்கும் தெரியாது.”

சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். முக்காட்டை இறுக்கினார். உதட்டையும் இறுக்கிக்கொண்டார், அவர் அளவில் இறுக்கிக்கொண்டதாகத்தான் நினைத்தார். நாலு எண்ணையும் நிதானமாகத் தட்டி முடித்து, ஜெயித்த முகத்தோடு திரும்பினார். பெண்டாட்டியும் மகளும் வாயைப் பொத்திக்கொண்டு அசையாமல் இருந்தார்கள்.

தகரத்துக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

“அண்ணாச்சி, நடுவுல மிக்ஸி ஓடிட்டு. மூணாவது நம்பர மட்டும் இன்னொருக்கச் சொல்லுங்க!”