நேஷனல் பர்மிட் வாங்கிய மரமறுக்கும் மெஷின்

வாழ்க்கையில் எனக்கு முழு நியாயத்தோடு கோபம் வந்தது ஒரே ஒருமுறைதான். மற்ற கோபங்களில் எல்லாம் என் தப்பும் ஓர் ஓரமாய் ஒட்டிக்கொண்டிருக்கும். இதில் அது துளிகூட இல்லை. அந்த நியாயம் சரியாக ஐந்து நிமிடம் என் பக்கம் இருந்தது. அப்புறம் நடந்ததைச் சொல்ல இப்போதும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

ராசிபுரத்தில் எனக்கு ஜவுளி மொத்த வியாபாரம். பெட்ஷீட், துண்டு, லுங்கி. ஒரு முருங்கைக் கிளையைக்கூட நான் ஒடித்ததில்லை. அப்படிப்பட்ட எனக்கு, ஏற்காட்டுப் பழைய இரும்புக் கடை ஒன்றில் மரமறுக்கும் மெஷினைப் பார்த்ததும் கிறுக்குப் பிடித்துவிட்டது. செயின் ஓடி மரத்தை அறுக்குமே, அதுதான். காபி எஸ்டேட்டுகளில் அந்தக் காலத்தில் வைத்திருந்த வெளிநாட்டு மெஷின்கள். ஒன்று இரண்டாகி, (மனைவியிடம் "சும்மா குடுத்தாங்க" என்று சொல்லிச் சொல்லி) பதினொன்று சேர்ந்துவிட்டது. வீட்டில் ஓர் அறை முழுக்க ஆயில் நாற்றம்.

பதினொன்றுக்கும் ராஜா ஒரு ஜெர்மன் மெஷின். ஆளுக்கொரு பக்கம் இரண்டு பேர் பிடித்தால்தான் தூக்கவே முடியும். மங்கிய சிவப்பு பெயிண்ட், பக்கவாட்டில் நம்பர் அடித்த சின்னத் தகடு. பழைய மெஷினுக்கு மதிப்பே அதன் அசல் பெயிண்டில்தான் இருக்கிறது. துரு இருக்கலாம், புது பெயிண்ட் பட்டால் தொலைந்தது. அதனால் நான்கு வருடம் அதன் மேல் ஈரத்துணி படவிடவில்லை. தூசியைக்கூட ஷேவிங் பிரஷ்ஷால்தான் தட்டினேன். (அதே பிரஷ்ஷில் ஷேவிங்கும் செய்தேன். அது தனி வருத்தம்.)

ஒருநாள் மனைவி கோமதி முடிவாகச் சொன்னாள்: "ஏனுங்க, எனக்கு டியூசன் எடுக்க அந்த ரூம் வேணும். வெவரந்தெரிஞ்ச ஒருத்தர் வந்து இதுக்கு மதிப்பிருக்குன்னு சொல்லட்டும், நான் வாயத் தொறக்கல. இல்லீனா மொத்தமா எடைக்குப் போட்ருவேன்."

விவரம் தெரிந்தவர் சேலத்தில் இருந்தார். சூசைராஜ் சார். மலை எஸ்டேட்டுகளில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய மெஷின் சேகரிப்பவர்கள் எல்லோரும் விலை மதிக்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். இரண்டு மாதம் கெஞ்சியதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வருவதாக ஒப்புக்கொண்டார்.

அதற்கு முந்தைய மூன்று நாள் நான் சரக்கு எடுக்க சூரத் போக வேண்டியிருந்தது. நான் ஊரில் இல்லாத அந்த மூன்று நாளில்தான் விதி புகுந்தது. விதியின் பெயர் என் மாமனார். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருப்பவர்.

ஞாயிறு காலை வீட்டுக்குள் நுழைந்தேன். போர்ட்டிகோவில் மாமனார் வெள்ளை வேட்டியில், கல்யாண வீட்டு வாசல்போல மலர்ந்து நின்றார். பக்கத்தில் என்னுடைய பெட்ஷீட்டையே போர்த்தி ஏதோ ஒன்று.

"வாங்க மாப்ள! பெரிய மனுசன் பாக்க வாராருன்னு கோமதி சொல்லுச்சு. இப்புடித் துருப்புடிச்சு கெடந்தா நமக்குத்தானுங்க அசிங்கம்?" என்று துணியை உருவினார்.

என் ஜெர்மன் மெஷின் மஞ்சளும் பச்சையுமாய்ப் பளபளத்தது. பெட்ரோல் டேங்கில் இரண்டு கண்கள். ஒரு பக்கம் தாமரை, மறுபக்கம் கழுகு. அறுக்கும் பட்டை நெடுகக் கறுப்புக்கோடு. கைப்பிடியில் திருஷ்டிக்கு எலுமிச்சம்பழம். பின்னால் ‘ஒலி எழுப்பவும்’. அதற்குக் கீழே, கொட்டை எழுத்தில், ‘நேஷனல் பர்மிட்’.

"பெயிண்டர் மூணு நாளா வேற வேலையே பாக்கலீங்க. துருவப் பூரா சொரண்டி எடுத்துட்டோம்."

"தகடு? நம்பர் தகடு எங்க மாமா?"

"அந்த ஓட்டைத் தகடா? பேத்துப் போட்டுட்டு ஓட்டைய அடச்சாச்சுங்க."

எனக்கு வருவது அழுகையா கோபமா என்று முடிவாவதற்குள் வாசலில் கார் நின்றது. சூசைராஜ் சார் இறங்கினார். நேரே மெஷின் முன்னால் வந்து நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

"யார் பண்ணது?" என்றார்.

அவ்வளவுதான். நான்கு வருடம் தூசி தட்டியவன் பொங்கிவிட்டேன். "சரித்திரம்னா என்னன்னே தெரியாத ஒருத்தர் பண்ணது சார்! அறுபது வருச அசல் பெயிண்ட் சார்! இது மெஷின் இல்ல, கொலை! கண்ணு வெச்சிருக்கார் சார், டேங்குக்கு!" தெருவில் இரண்டு வீட்டு ஜன்னல்கள் திறந்தன. கோமதி சமையற்கட்டிலிருந்து கரண்டியோடு வந்து நின்றாள்.

மாமனாரின் முகம் சுருங்கிப்போனது. தோள் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "நல்லதுன்னு நெனச்சுத்தானுங்க மாப்ள பண்ணினேன்," என்றார் மெதுவாக. அப்போதாவது நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் என் பக்கம் நியாயம் இருந்ததே! போனை எடுத்துப் பழைய போட்டோவை சாருக்கு நீட்டினேன். "இப்படி இருந்துச்சு சார். இந்தச் சிவப்பப் பாருங்க. ஜெர்மன்காரன் கம்பெனியில அடிச்ச சிவப்பு."

சார் போனை வாங்கித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். கிட்டே வைத்துப் பார்த்தார். "அட, இதுவா?" என்றார். "இந்தச் சிவப்பு நான் அடிச்சது தம்பி."

"சார்?"

"எங்க எஸ்டேட் மெஷின்தான். பெரிய கேட்டுக்குப் பெயிண்ட் அடிச்சோம், அரை டப்பா மிஞ்சுச்சு. வீணாப் போகுதேன்னு இதுக்கு அடிச்சேன்."

"அந்த நம்பர் தகடு?"

"பம்புசெட் மோட்டார்ல இருந்தது. இதுல ஒரு ஓட்டை இருந்துச்சு, அடைக்கணும்ல?"

அந்தத் தகட்டின் நம்பரை வைத்து எத்தனை ராத்திரி இணையத்தில் தேடியிருப்பேன்! ‘பதிவிலேயே இல்லாத அபூர்வ மெஷின்’ என்று நண்பர்களுக்கெல்லாம் பெருமையடித்திருக்கிறேன். பதிவில் எப்படி இருக்கும்? அது தண்ணீர் இறைத்த மோட்டாரின் நம்பர்!

மற்ற பத்தையும் சார் பத்து நிமிடத்தில் பார்த்து முடித்தார். "ரெண்டு பரவாயில்ல. மீதி எட்டும் எண்ணெய் போட்டா மரம் அறுக்கும்," என்பதுதான் தீர்ப்பு. பிறகு போர்ட்டிகோவுக்குத் திரும்பி வந்து என் மாமனாரின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அந்தக் கழுகு யாருங்க போட்டது? இறக்கை உயிரோட இருக்கு. என்கிட்ட ஒண்ணு சும்மாதான் கெடக்கு, போட்டுத் தருவாரா?"

"உங்களுக்கு இல்லாததாங்க!" என்றார் மாமனார். முகம் மறுபடி மலர்ந்துவிட்டது. இருவரும் மத்தியானம் சேர்ந்து கோழிக்குழம்பு சாப்பிட்டார்கள். எனக்குப் பரிமாற மட்டும் கோமதிக்கு மறந்துபோனது.

மாமனாரிடம் மன்னிப்பு கேட்க எனக்கு மூன்று வாரம் ஆனது. "அட விடுங்க மாப்ள" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அந்தப் பெருந்தன்மை திட்டு வாங்குவதைவிட மோசமாக இருந்தது. மெஷின் இப்போது அவர் பட்டறை முகப்பில் தொங்குகிறது. லாரிக்காரர்கள் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். எட்டு மெஷின்கள் எடைக்குப் போயின. அறையில் டியூஷன் நடக்கிறது.

போன மாதம் மச்சினன் கல்யாணத்துக்கு முகூர்த்தப் புடவை எடுக்கப் போனோம். கடைக்காரர் ஒன்றை விரித்து, "அசல் பட்டுங்க," என்றார். தொட்டுப் பார்க்க நான் கையை நீட்டினேன். வருடத்துக்கு நான்கு வார்த்தை பேசும் என் மாமியார், புடவையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "மாப்ள பாக்க வேண்டாம். அவிய அசலுன்னு சொல்லிட்டா அப்புறம் அது கேட் பெயிண்டாத்தான் இருக்கும்," என்றார்.

கடையே சிரித்தது. கோமதிதான் அதிகம். எல்லாம் சரி, ஒரே ஒரு விஷயம் கேட்கிறேன். பெயிண்டை விடுங்கள். ஜவுளி என் தொழில் இல்லையா?