நான் சொல்லாத கெட்டிமேளம்

பதவி வந்தால் சிலருக்குத் தலைக்கு ஏறும். எனக்கு ஆள்காட்டி விரலுக்கு ஏறியது.

அம்பத்தூரில் ஒரு ஜெர்மன் கம்பெனித் தொழிற்சாலையில் நான் சூப்பர்வைசர் ஆன புதிது. ஜெர்மன்காரரான மேனேஜர் ஸ்டெஃபான் எங்களுக்கு வகுப்பெடுத்தார். என்ன வேலை, எங்கே, எப்போது என்று உத்தரவிடும் உரிமை அவர்கள் ஊரில் மேலதிகாரிக்குச் சட்டப்படியே உண்டாம். அதற்கு எல்லைகளும் உண்டு என்று அவர் தொடர்ந்ததை நான் கவனிக்கவில்லை (சமோசா வந்துவிட்டது).

மறுநாளே ஒரு சைகை வகுத்தேன். மெஷின் சத்தத்தில் யார் கத்துவது? விரலை உயர்த்தி ஆட்டினால் 'போடு'. என் ஆட்களில் டில்லிபாபு மட்டும் விரல் முழுசாக எழுவதற்குள் சுவிட்சைத் தட்டிவிடுவான்.

அவனுக்குப் பூந்தமல்லியில் கல்யாணம். முன்வரிசையில் ஸ்டெஃபான் கோட்டுக்குள் வெந்துகொண்டிருந்தார். சுவரோரம் நின்ற எங்கள் லைன் குமாரைப் பார்த்து, ஃபேனைப் போடச் சொல்லி விரலை உயர்த்தி ஆட்டினேன்.

மேளக்காரர் பார்த்துவிட்டார். கெட்டிமேளம் முழங்கியது. தாலியும் கையுமாக நல்ல நேரத்துக்குக் காத்திருந்த டில்லி நிமிர்ந்தான். என் விரலைப் பார்த்தான். கட்டிவிட்டான். (பாதிப் பேருக்கு அட்சதையே போய்ச் சேரவில்லை.)

“எவன்பா கையக் காட்னது? எமகண்டம் இன்னும் முடியலபா!” என்று பெண்ணின் சித்தப்பா அலறினார்.

“சூப்பர்வைசர் காட்னாரு, கட்டிக்கினேன்” என்றான் டில்லி.

மண்டபமே என்னைத் திரும்பிப் பார்த்தது. பெண்ணின் அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். மேடைக்கு அடியில் ஒரு ஆள் நுழைய இடமிருக்குமா என்று நான் பார்த்தேன்.

காப்பாற்றியது மணப்பெண் கவிதாதான். குனிந்த தலை நிமிராமல், “ஒரு முடிச்சுதான் வுழுந்துகீது சித்தப்பா. மீதி ரெண்ட நாத்தனார் நல்ல நேரத்துல போடட்டும்” என்றாள். ஐயர் யோசித்துத் தலையாட்டினார். எமகண்டம் முடியும்வரை டில்லி முடிச்சைப் பிடித்தபடி குனிந்தே நின்றான். சித்தப்பா என் இரண்டு கைகளையும் பிடித்தபடி நின்றார்.

விஷயம் புரிந்த ஸ்டெஃபான் என் காதருகே வந்து சொன்னார்: அந்த உரிமை வேலைக்கு மட்டும்தான், ஒருவரின் சொந்த வாழ்க்கையில் செல்லாது.

கவிதா அதை ஒப்புக்கொள்ளவில்லை. இன்றைக்கும் அவர்கள் வீட்டில் சண்டை என்றால் எனக்குத்தான் போன். “அண்ணே, கட்டச் சொன்னது நீங்கதான? இப்போ பாத்திரம் கழுவச் சொல்லுங்க” என்று ஸ்பீக்கரில் போடுவாள். நானும் குரலைக் கனமாக்கிக்கொண்டு உத்தரவிடுவேன்.

உள்ளேயிருந்து டில்லியின் குரல் வரும்: “சார், இன்னிக்கு நான் லீவு.”