ஒத்தப்பழ சாரும் ஒரு டி.சி.யும்

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைக் கொடி ஏறிய நாளிலிருந்து இன்றுவரை, ஒரே ஒரு பழத்தைத் தின்னப் பத்து நிமிடம் எடுத்துக்கொண்ட மனிதர் ஒருவர்தான். அவருக்கு மாடி அறையை வாடகைக்கு விட்டவன் நான்.

எங்கள் பக்கத்தில் திராட்சையைக் குலையாகத்தான் கொடுப்போம். விருந்தாளி வந்தால் தட்டு வழிய வைப்போம். ஒற்றைப் பழத்தைப் பிய்த்து ஒருவர் கையில் கொடுத்தால் அது அவமரியாதை. சம்பந்தம் பேசப் போன இடத்தில் அப்படிக் கொடுத்தால் சம்பந்தமே நின்றுபோகும். இவரோ, வருகிற பிள்ளைக்கெல்லாம் ஒரே ஒரு பழத்தை உள்ளங்கையில் வைத்து, "மொதல்ல பாரு. அவசரமில்ல. பாரு" என்பார். பட்டப்பெயர் வைப்பதில் உத்தமபாளையத்துக்காரர்கள் தாமதிப்பதே கிடையாது. மூன்றாம் நாளே அவர் 'ஒத்தப்பழ சார்' ஆகிவிட்டார். சொந்தப் பெயர் வாடகைப் பத்திரத்தில்தான் இருந்தது. அந்தப் பத்திரத்தையும் அவரே வாங்கித் தொலைத்துவிட்டார்.

இரண்டாயிரத்து ஏழோ எட்டோ இருக்கும். என் உரக்கடை மாடியில் 'பிள்ளைகளுக்கான கவனப் பயிற்சி' என்று போர்டு மாட்டினார். மாட்டிய அன்றே சாவியை உள்ளே மேசை மேல் வைத்துவிட்டு, வெளியே வந்து பூட்டை அமுக்கிவிட்டார். கடையில் இருந்த இன்னொரு சாவியை எடுத்துக்கொண்டு போய் நான்தான் திறந்துவிட்டேன். மறுநாளும் அதே கதை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "கவனத்தச் சொல்லிக்குடுக்குற ஆளு நீங்கதானா?" என்று கேட்டேவிட்டேன்.

"ஆமா பாய்" என்றார், கொஞ்சமும் வெட்கப்படாமல். "கவனம் இருக்குறவன் எதுக்கு இதப் போயிப் படிக்கப்போறான்?"

ஆறடி உயரம். வலது காலில் ஒரு செருப்பு, இடது காலில் வேறொரு செருப்பு. சின்னமனூரில் போட்ட ஸ்கூட்டர் இண்டிகேட்டர் உத்தமபாளையம் வரை மினுக்கிக்கொண்டே வரும். சின்ன வயதில் அவரை மூன்று பள்ளிக்கூடங்களில் 'அடங்காத பிள்ளை' என்று வெளியே அனுப்பியிருக்கிறார்கள். அதை அவர் பட்டம் வாங்கியதுபோல் சொல்லுவார்.

என் மகள் நஸீமாவும் அந்த வரிசையில் சேரவிருந்தாள். ஐந்தாம் வகுப்பு. மூன்று நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார மாட்டாள். கடைக்கு வந்தால் யூரியா மூட்டை அடுக்கின் உச்சியில் இருப்பாள். கேள்வி கேட்பாள், பதிலுக்கு நிற்க மாட்டாள். மதுரை டாக்டர் ஒருவர் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "ஏ.டி.எச்.டி. இது. பிள்ளை வேணும்னு செய்யலை. அவளால முடியலை" என்றார். மாத்திரை எழுதினார், கூடவே பயிற்சியும் வேண்டும் என்றார். சொந்தக்காரர்கள் தாயத்து கட்டச் சொன்னார்கள். பள்ளிக்கூடத்து ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா, "முழாண்டுப் பரீட்சைவரைக்கும் பாப்பேன். சரியாகலைன்னா டி.சி. வாங்கிக்கங்க" என்றார்.

நான் என்ன செய்தேன்? அடித்தேன். இப்போது சொல்லக் கூசுகிறது, ஆனால் அடித்தேன். கையை ஓங்கினாலே பிள்ளை கண்ணை இறுக மூடிக்கொள்ளும். அதைப் பார்த்துவிட்டு நான் கடைக்கு வந்து, யார்மேலாவது எரிந்து விழுவேன். அப்படி ஒரு நாளில்தான் அவளை மாடிக்கு அனுப்பினேன்.

முதல் வகுப்பைப் படியில் நின்று எட்டிப் பார்த்தேன். எட்டுப் பிள்ளைகள், எட்டுப் பழம். எட்டும் நம்ம பிள்ளை மாதிரிதான். நஸீமா தன் பழத்தை விழுங்கி, பக்கத்துப் பையன் பழத்தை விழுங்கி, சார் கையிலிருந்த பழத்தையும் எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். எனக்கு ரத்தம் கொதித்தது. சார், "எப்படி இருந்துச்சு ஆத்தா?" என்று கேட்டார்.

"தெரியல சார்."

"மூணு தின்னும் தெரியலையா? அப்ப நாலாவது ஒண்ணு தர்றேன். இதுக்கிட்டயே கேட்டுச் சொல்லு."

அடுத்து, கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொன்னார். அரை நிமிடம் போயிருக்காது. "சார், ஒங்க கால் ஆடுது!" என்று நஸீமா கத்தினாள். நிஜமாகவே அவர் முழங்கால் தையல் மெஷின் கணக்காக ஆடிக்கொண்டிருந்தது.

"அட, ஆமா! எனக்கே தெரியல பாரு. நிறுத்த வேணாம். எல்லாரும் சும்மா பாப்போம்."

எட்டுப் பிள்ளைகளும் சாரின் காலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அது தானாக நின்றது. என் மகள் அவ்வளவு நேரம் அசையாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை. இதற்கு ஒரு ஆறடி ஆளின் கால் தேவைப்படுகிறதே என்று நினைத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.

மாத்திரையை நிறுத்தலாமா என்று கேட்டபோது மட்டும் அவர் கண்டிப்பாகப் பேசினார். "அது டாக்டர் வேல பாய். நான் பழம் குடுக்குறவன்."

அடுத்தது மெதுநடை. பிள்ளைகளும் சாரும் வரிசையாக, தலை குனிந்து, பேச்சில்லாமல், பாதம் தரையில் படுவதைக் கவனித்தபடி கடைத்தெருவில் நடக்க வேண்டும். எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. இறுதி ஊர்வலம் போகும்போது ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு எழுந்து நிற்போம். இவர்கள் வந்த வேகத்தைப் பார்த்து முதல் கடைக்காரர் ஷட்டரை இறக்கினார். அவரைப் பார்த்து அடுத்தவர். டீக்கடை மாஸ்டர் வெளியே வந்து, "யாரு சார் போயிட்டாக?" என்று கேட்டார். நடக்கும்போது பேசக் கூடாது என்பது விதி. சார் அவரை மென்மையாகப் பார்த்துவிட்டு நடந்தார். அந்தப் பார்வையில் மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது.

பேருந்து நிலையம் வருவதற்குள் பாதிக் கடைத்தெரு அடைத்தாகிவிட்டது. யாரோ மாலைக்கும் சொல்லிவிட்டார்கள். மாலை வந்த பிறகு யாருக்குப் போடுவதென்று தெரியாமல், ஒத்தப்பழ சாருக்கு வேண்டியவன் நான்தான் என்று என் கடை வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். அதைப் பார்த்துவிட்டு என் சம்சாரம் போட்ட சத்தத்தில், மீதி இருந்த கடைகளும் ஷட்டரை இறக்கின.

திராட்சைக்காரர்கள் விவகாரத்தில் மட்டும் தப்பு என்னுடையது. சார் ஒருநாள் காலையில் மாடிப்படியில் உட்கார்ந்து தன் பயிற்சியைச் செய்துகொண்டிருந்தார். ஒரு பழத்தை வெயிலில் பிடித்துப் பார்த்தார், விரலில் உருட்டினார், காதோரம் வைத்துக் கேட்டார், மோந்தார், பிறகு கண்ணை மூடி நாக்கில் வைத்துக்கொண்டார். பூச்சிமருந்து வாங்க வந்த ஓடைப்பட்டி விவசாயி தங்கப்பாண்டி அதைப் பார்த்து அசந்துபோனார்.

"பாய், இம்புட்டு நுணுக்கமாப் பாக்குறாகளே, வெளிநாட்டுக்கு அனுப்புற கம்பெனி ஆளா?"

கடையில் கூட்டம், நான் காதில் வாங்கவில்லை. "ஆமா, ஆமா" என்று சொல்லி வைத்தேன்.

மறுநாள் படி நெடுக ஐந்து விவசாயிகள் கூடையோடு நின்றார்கள். பெரியவர்களும் பயிற்சிக்கு வந்துவிட்டார்கள் என்று சார் பூரித்துப்போனார். அவரவர் கூடையிலிருந்து ஒரு பழத்தைப் பிய்த்து அவரவர் கையிலேயே கொடுத்து, கண்ணை மூடச் சொன்னார். கம்பெனி நடைமுறை போலிருக்கிறது என்று அவர்களும் மூடினார்கள். பத்து நிமிடம் கழித்துக் கீழே வந்த தங்கப்பாண்டி கூடையை என் முன்னால் இறக்கி வைத்தார்.

"வெலயே சொல்லல பாய், போகட்டும். இருவது வருசமாத் தோட்டம் போடுறேன். எம் பழம் இப்பிடி இனிக்கும்னு இன்னைக்குத்தான் தெரியும்."

அவர் பின்னால் வந்த இன்னொருவர், "எம் பழத்துல மருந்து வாட அடிக்குது. ஒங்க கட மருந்துதான் பாய்" என்றார். ஐந்து பேரும் என்னைப் பார்த்தார்கள். மூட்டைக்குப் பின்னால் எதையோ தேடுவதுபோல் குனிந்தவன், அவர்கள் போகும்வரை நிமிரவில்லை.

இத்தனை கூத்துக்கு நடுவில் நஸீமா கொஞ்சம் கொஞ்சமாக மாறினாள். பெரிய அதிசயம் ஒன்றுமில்லை. மூன்று நிமிடம் ஏழு நிமிடம் ஆனது. மூட்டை மேல் ஏறுவதற்கு முன், "அத்தா, எனக்கு ஏறணும்போல இருக்கு" என்று சொல்ல ஆரம்பித்தாள். சொல்லிவிட்டு ஏறினாள்.

ஆனால் பள்ளிக்கூடத்துக்கு ஏழு நிமிடம் போதவில்லை. முழாண்டுப் பரீட்சை நடக்கும்போது ஜன்னல் வழியாக வெளியே குதித்துவிட்டாள். என்னை வரச்சொல்லி ஆள் வந்தது. சாரிடம் ஓடினேன். "நீங்க முன்னால போங்க பாய். பத்து மணிக்கு அங்கன இருப்பேன். நான் பேசுறேன்" என்றார்.

பத்து மணி ஆனது. பத்தரை ஆனது. அவர் செல்லுக்கு அடித்தால் என் சம்சாரம் எடுத்தாள். போனை என் கடைக் கல்லாவிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

பதினொரு மணிக்கு ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா பொறுமை இழந்து, ஓரத்தில் நின்ற நஸீமாவைப் பார்த்தார். "எதுக்குக் குதிச்ச? உங்கப்பாட்ட சொல்லு" என்றார்.

"அணில் குஞ்சு கீழ விழுந்துருச்சு அத்தா."

"பாத்தீங்களா பாய்? பரீட்சைய விட அணில் பெருசு. வீட்ல வளக்குறது சரியில்ல. எங்களால ஆகாது." டி.சி.யில் கையெழுத்துப் போட்டார்.

வளர்ப்பு சரியில்லை என்றதும் எனக்குக் கண் இருட்டியது. கோபம் யார்மேல் வந்தாலும், கை எப்போதும் எட்டுகிற இடத்தில் இருப்பவர்மேல்தான் போகும். நஸீமா பக்கம் திரும்பினேன். கை தூக்கிவிட்டேன்.

அவள் கண்ணை மூடவில்லை. என் கையைப் பார்த்தாள்.

"அத்தா, ஒங்க கை நடுங்குது" என்றாள். "நிறுத்த வேணாம். சும்மா பாருங்க."

பார்த்தேன். வேறென்ன செய்ய? நாற்பது வருடமாக என்னோடு இருக்கிற கை, அது நடுங்கும் என்று அன்றுதான் எனக்குத் தெரியும். நஸீமாவும் பார்த்தாள். பேனா மூடியைக் கையில் வைத்துக்கொண்டு ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாவும் பார்த்தார். மூன்று பேருமாக என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அது மெல்ல மெல்ல அடங்கி, தானாகக் கீழே இறங்கியது. அதற்குப் பிறகு அது என் பிள்ளைமேல் ஓங்கவே இல்லை.

ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா முகம் என்னவோபோல் ஆனது. ஆனால் கையெழுத்துப் போட்டது போட்டதுதான்.

டி.சி.யை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தோம். இனி இந்தப் பிள்ளையை எந்தப் பள்ளிக்கூடம் சேர்க்கும்? அப்போது இடப்பக்க இண்டிகேட்டர் மினுக்க, வலப்பக்கம் திரும்பி ஒரு ஸ்கூட்டர் வந்தது.

"பாய்! ஒத்துக்கிட்டாக! ஹெட்மாஸ்டர் ஒத்துக்கிட்டாக!"

"எந்த ஹெட்மாஸ்டரு? இங்கன இருக்கறது ஒரு அம்மா. இதோ இப்பத்தான் டி.சி. குடுத்து அனுப்பிச்சாக!"

சார் பள்ளிக்கூட போர்டை நிமிர்ந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி போர்டைப் பார்த்தார். "அப்ப நான் யார்ட்டப் பேசுனேன்?" என்றார்.

விஷயம் இதுதான். அடுத்த வாரம் கோம்பையில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு அவர் பேசப் போக வேண்டியிருந்தது. அது மூளையில் எங்கோ கிடந்திருக்கிறது. வண்டி நேரே அங்கே போய்விட்டது. உள்ளே நுழைந்து, என்ன ஏது என்று கேட்பதற்குள், நஸீமாவைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசியிருக்கிறார். அந்த ஹெட்மாஸ்டர் குழம்பிப்போய், "எங்க பள்ளியில அப்பிடி ஒரு பிள்ளையே இல்லையே சார்" என்றிருக்கிறார்.

"இருந்தா அனுப்பிருவீகளா?"

"இருந்தா எதுக்கு அனுப்புறோம்? வச்சுக்கிருவோம்."

"அப்ப எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்திருக்கிறார்! சார் நீட்டிய தாளை வாங்கிப் பார்த்தேன். 'நஸீமா என்னும் மாணவி எங்கள் பள்ளியில் இல்லை. இருந்தால் வெளியே அனுப்ப மாட்டோம்' என்று இரண்டே வரி. கீழே கையெழுத்து, பள்ளி முத்திரை. நடுத்தெருவில் நின்று சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதும் விட்டேன். மூன்று பேரும் அதே ஸ்கூட்டரில் கோம்பைக்குப் போனோம். இந்தமுறை வழி சொன்னவன் நான்.

அந்த ஹெட்மாஸ்டர் பின்னாளில் என்னிடம் சொன்னார்: "அவுக பேசுனதுல பாதி எனக்குப் புரியல பாய். ஆனா அடுத்தவுக பிள்ளைக்காக ஒரு மனுசன் கண்ணுல தண்ணி விட்டு நான் பாத்ததில்ல. அனுப்ப மனசு வரல."

நஸீமா அங்கே முதல் ரேங்க் வாங்கினாள் என்று எழுத ஆசைதான். வாங்கவில்லை. படித்தாள், தேறினாள். இன்று தேனியில் ஓர் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் நர்ஸ். அங்கே யாரும் அவளை உட்காரச் சொல்வதில்லை.

இரண்டாயிரத்துப் பத்தில் சார் ஊரைக் காலி செய்தார். மலைக்கு அந்தப் பக்கம், கேரளாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டிருந்தார்கள். விடைபெற்றுப் போனவர் கண்ணாடிக்காக ஒருமுறை திரும்பி வந்தார். செல்போனுக்காக ஒருமுறை. நஸீமாவிடம் சொல்லிக்கொள்ள மறந்துவிட்டதாக ஒருமுறை. நாலாவது முறையும் வருவார் என்று வாசலிலேயே நின்றிருந்தேன். வரவில்லை. மாடி அறைச் சாவி அவர் சட்டைப் பையோடு போய்விட்டது என்று சாயங்காலம்தான் தெரிந்தது.

அந்த அறையில் இப்போது சாக்குகள் கிடக்கின்றன. என்னிடம் இருக்கிற இன்னொரு சாவியில் திறந்துகொள்கிறேன். பூட்டு துருவேறிவிட்டது, மாற்றித் தொலையுங்கள் என்று என் சம்சாரம் வருடா வருடம் சொல்கிறாள். நான் எண்ணெய் விட்டுக்கொண்டிருக்கிறேன். பூட்டை மாற்றிவிட்டால், அவர் வரும்போது அவர் சாவி சேராதே.