சுகாசினியின் குடலும் சேலைப் பெட்டியும்

பிள்ளையார்பாளையம் ஜோதிகாவின் மகள் சுகாசினி எட்டு வாரம் முன்னதாகவே பிறந்துவிட்டாள். அதனாலோ என்னவோ, ஐந்து வயதாகியும் வயிற்று உப்புசம், சோற்றைக் கண்டால் அழுகை.

"குறைமாசத்துல பொறந்த குழந்தைங்களுக்குக் குடல்ல நல்ல கிருமிங்க கம்மியா இருக்கலாம்மா. சிலருக்குப் பின்னாடியும் அது தொடரும். மலத்தைப் பரிசோதிச்சுப் பார்ப்போம்" என்றார் டாக்டர்.

பரிசோதனை இலவசம். ஆகவே அதற்கென்று ஓர் அலுவலகம் இருந்தது. அதன் கண்காணிப்பாளர் ராஜகோபால் ஜோதிகாவின் மனுவை மூன்று முறை திருப்பி அனுப்பினார்.

"எட்டு வாரம் முன்னாடி வந்ததுக்கு முன் அனுமதி வாங்கினீங்களா?"

"வயித்துக்குள்ள இருந்தவ எப்படி சார் மனு எழுதுவா?"

"நீங்க எழுதியிருக்கலாமே."

ஜோதிகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மகளின் வயிற்றை நினைத்து மனுவைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

நான்காம் முறைக்கு, தறி நெய்யும் கணவன் முனிரத்தினம் மல டப்பாவைப் பனிக்கட்டியோடு பட்டுச்சேலைப் பெட்டியில் வைத்தான். அந்த வீட்டிலிருந்து பெட்டி எதுவும் மூலையில் மஞ்சள் தடவாமல் வெளியே போகாது. தடவினான்.

"இப்படியே எடுத்துக்கினு போ. வெறும் டப்பான்னா பஸ்ல நாலு பேர் பார்ப்பாங்க இல்ல?"

ராஜகோபால் பெட்டியைப் பார்த்தார். மஞ்சளைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"இதெல்லாம் எதுக்கும்மா?" என்றபடி மேசைக்கடியில் வைத்தார்.

"சூடு படாம வைங்க சார்."

"எனக்குத் தெரியாதா?"

முன் அனுமதி பறந்துபோனது. 'பெறப்பட்டது. நேரில் ஆய்ந்து திருப்தியுற்றேன்' என்று முத்திரை விழுந்தது.

அன்று மாலை அவர் மனைவி மரகதவல்லி ஆசையோடு பெட்டியைத் திறந்தாள். அதன்பின் அந்த வீட்டில் நடந்ததை எந்தக் கோப்பும் பதிவு செய்யவில்லை. டப்பா குப்பைக்குப் போனது.

ஆனால் முத்திரை குத்தியாயிற்று. பரிசோதனைக்கூடத்துக்கு எதையாவது அனுப்பியாக வேண்டும். ராஜகோபால் கடமை தவறாதவர். மறுநாள் காலையில் தம்முடையதையே அனுப்பினார்.

அறிக்கை வந்தது: 'மிக முதிர்ந்த குடல். எதையும் செரிக்கும். சிகிச்சை தேவையில்லை.'

சேலைப் பெட்டியால் காரியம் நடந்த செய்தி ஊரெல்லாம் பரவியது. மறுவாரமே முப்பது பெற்றோர் மஞ்சள் தடவிய சேலைப் பெட்டிகளோடு வரிசையில் நின்றார்கள். எதில் சேலை, எதில் சரக்கு என்று திறந்து பார்க்க ராஜகோபாலுக்குத் தைரியம் வரவில்லை. பாவம், அவர் ஒருவரே அந்த மாதம் முழுக்க அரும்பாடுபட்டார். முப்பது குழந்தைகளின் குடலும் ஒன்றுபோல நலமடைந்தது. அலுவலகத்துக்கு விருது கிடைத்தது.

ஜோதிகா அறிக்கையைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினாள். அதன் கீழே உட்கார்ந்து சுகாசினி அழுதாள்.

"வயிறு வலிக்குதும்மா."

"எதையும் செரிக்கும்னு முத்திரை போட்டுக் குடுத்திருக்காங்க இல்ல? வாயைத் திற" என்று அடுத்த கவளத்தை ஊட்டினாள் ஜோதிகா.